லிப்ட்காரர் வீட்டு மீன்தொட்டி

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் லிப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். வேலைக்காலம் முழுக்க லிப்ட் பழுது பார்த்தவர். பெரிய கட்டடங்களின் உச்சியில், மோட்டார் ஓடும் அந்தச் சூடான அறையில் நின்று நின்று காது கொஞ்சம் மந்தமாகி, முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார். கோளாறு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்த ஒரு மீன்தொட்டி.

தொட்டி மருமகளுடையது. கல்யாணமாகி வந்தபோது துணிமணிப் பெட்டிகளோடு இதையும் கொண்டுவந்து இறக்கினாள். பெட்டிகளை ஆட்கள் தூக்கினார்கள். மீன்களை மட்டும் யார் கையிலும் தராமல், தண்ணீர் ததும்பும் பிளாஸ்டிக் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தாள். சிவப்பும் நீலமுமாக மின்னுகிற குட்டி மீன்கள் ஒரு கூட்டம். தட்டையாக, முக்கோணமாக, நீளமான துடுப்போடு மிதக்கும் ஏஞ்சல் மீன்கள் இரண்டு. அதில் ஒன்றுக்கு வால் ஓரம் கிழிந்திருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் கிழிசல்.

மருமகள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். விடிந்ததும் போனால் பொழுது சாயும்போது வருவாள். மகனுக்கோ ஊர் ஊராகப் போய் இயந்திரம் பொருத்துகிற வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவனை வெளியூர் அனுப்பிவிட்டார்கள். ஆக வீட்டில் மிஞ்சியது லிப்ட்காரர், அவர் மனைவி, இன்னும் சரியாகப் பேச்சுப் பழகாத மருமகள், அப்புறம் இந்த மீன்கள்.

பேச்சுப் பழகவில்லை என்றால் சண்டை இல்லை. "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சும்மா. நீ?" "ஆச்சு மாமா." அத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமே கூச்ச சுபாவம். ஆனால் அவள் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று கிழிசலிடம் ஏதோ முணுமுணுப்பதை அவர் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டில் பேச்சுத்துணை அந்த மீன்தான் போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சங்கடம்.

ஒருநாள் காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, குட்டி மீன்களில் ஒன்று மல்லாந்து மிதந்தது.

லிப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்து சில நாள்தான் ஆகிறது, அதற்குள் நம் வீட்டில் அவள் மீன் செத்துவிட்டது என்றால் அவள் என்ன நினைப்பாள்? டீ வடிகட்டியால் அதை எடுத்து மாடிப் பூந்தொட்டியில் புதைத்தார். வடிகட்டியை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கடைத்தெருவில் இருந்த மீன்கடைக்கு நடந்தார்.

மீன்கடைக்காரர் எதற்கும் யோசிக்காமல் பதில் சொல்கிற ஆள். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, ஒரு மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்கினார். தண்ணீர் நீலமானது.

"பி.எச். ஏறிக் கிடக்கு சார். மஞ்சள்னா தண்ணி புளிப்பு. பச்சைன்னா நடுவுல. நீலம்னா காரம். உங்களது நல்ல நீலம். இந்தக் குட்டி மீனெல்லாம் லேசான புளிப்புத் தண்ணில வாழுறது. இதுல எப்படி இருக்கும்?"

"என்ன பண்ணணும்?"

"இந்த மருந்தை ஊத்துங்க. இறங்கிடும்."

அவ்வளவுதானா என்று லிப்ட்காரருக்கு ஒரே நிம்மதி. சோதனைக் குழாயும் மருந்துமாக வாங்கி வந்து, தன் பழைய கருவிப் பைக்குள், ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே ஒளித்து வைத்தார். மருமகளும் ஒரு சோதனைப் பெட்டி வைத்திருந்தாள், தொட்டிக்குக் கீழே அலமாரியில். அதைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. புதுப்பெண்ணின் பொருளைக் கிளறுவது போல இருந்தது.

மருந்தை ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்துச் சோதித்தார். மஞ்சள் கலந்த பச்சை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை சோதித்தால் நீலம்.

நேற்று ஊற்றியது போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்றினார். மஞ்சள் வந்தது. அடுத்த நாள் காலை மறுபடி நீலம். முந்தையதைவிட அடர்த்தியான நீலம். மருந்தைக் கூட்டினார். நீலமும் கூடியது. ஊற்றும்போது தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மருந்து வேலை செய்கிற அடையாளமா, மீன் மூச்சுத் திணறுகிறதா என்று அவருக்குப் புரியவில்லை.

"கண்ணு சரியா தெரியுதா பாருங்க," என்றாள் மனைவி. "போன வாரம் பச்சைச் சட்டையை நீலம்னு சொன்னீங்க."

அதுவும் ஒரு சந்தேகமாகச் சேர்ந்துகொண்டது. குழாயை மனைவியிடம் காட்டினார்.

"இது என்ன கலர்?"

"நீலம்."

"நல்லா பாரு."

"நல்லா பார்த்தாலும் நீலம்தாங்க."

கண்ணில் கோளாறு இல்லை. அப்படியானால் மருந்தா? கடைக்காரரிடம் போனார். மருந்து நல்ல மருந்துதான், தொட்டியில் கிடக்கும் கல் எதுவோ கரைகிறது என்றார். லிப்ட்காரர் கல் ஒவ்வொன்றாக எடுத்து, வினிகரில் போட்டு நுரைக்கிறதா என்று பார்த்தார். எதுவும் நுரைக்கவில்லை. எடுத்த இடம் மாறாமல் திரும்ப வைப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர், மீன் போடுகிற எச்சம்தான் காரம் என்றார். தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்கிற வடிகட்டி மோட்டார் பழசு என்று மச்சினன் போனில் சொன்னான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. இதற்குள் குட்டி மீன்கள் இன்னும் சில போய்விட்டன. மாடிப் பூந்தொட்டியில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

மருமகளோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் குறைந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் பாட்டுக்கு வருகிறாள், தொட்டியைப் பார்க்கிறாள், முகம் சுருங்குகிறது, அறைக்குள் போய்விடுகிறாள். ஏன் கேட்க மாட்டேன் என்கிறாள் என்பது அவருக்குத் தண்ணீரைவிடப் பெரிய புதிராக இருந்தது.

மனைவிக்கு வேறொரு குழப்பம். ஒருநாள் மதியம் வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிற மாதிரி அங்கே இங்கே பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து பாட்டில் பாட்டிலா தண்ணி பிடிச்சிட்டு வர்றா. ரூம்ல வச்சு அதைத்தான் குடிக்கிறா. நம்ம வீட்டுத் தண்ணியைத் தொடுறதில்ல."

"எதுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நம்ம கையால தண்ணிகூட இறங்கலையோ என்னவோ." சொல்லிவிட்டு அவள் முந்தானை நுனியை முறுக்கினாள். "நான் ஏதாவது முகத்தைக் காட்டினேனா? நீங்களே சொல்லுங்க."

லிப்ட்காரர் திருதிருவென்று விழித்தார்.

வேலைக்காலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சில லிப்ட்கள் மெக்கானிக் வந்தால் ஒழுங்காக ஓடும், அவர் படி இறங்கியதும் நின்றுவிடும். அப்படிப்பட்ட கேசுகளுக்கு அவர் சாப்பாட்டு டப்பாவோடு போய் மோட்டார் அறையிலேயே உட்கார்ந்துவிடுவார். கோளாறு தானாக வெளியே வரும்வரை நகர மாட்டார். இந்தத் தொட்டிக்கும் அதுதான் வழி என்று முடிவு செய்தார். ஒருநாள் காலை மருந்தை ஊற்றிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். வழக்கமான மாலை நடைக்குப் போகவில்லை. மருமகள் வந்தாள். மாமா தொட்டியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

"என்ன மாமா, வாக்கிங் போகலையா?"

"முழங்கால் வலிம்மா."

அவள் தொட்டிப் பக்கம் இரண்டு தடவை வந்தாள், போனாள். அலமாரியைத் திறக்கப் போனவள் திறக்காமலே திரும்பினாள். அவர் தூங்கப் போகும் நேரம்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. எதுவும் நடக்கவில்லை.

காலையில் சோதித்தார். பச்சை! அழகான, நடுவாந்தரப் பச்சை.

"பார்த்தியா, பார்த்தியா!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நீங்க முறைச்சதுல பயந்துடுச்சு போல," என்றாள் அவள்.

அன்றைக்கு மருந்து ஊற்றவில்லை. ஜெயித்தாகிவிட்டதே. அதற்கு மறுநாள் காலை தண்ணீர் மறுபடி நீலத்துக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சோபாவில் சாய்ந்தார். முறைத்தால் இறங்குகிறது, முறைக்காவிட்டால் ஏறுகிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பல வருஷமாக எந்தப் பழுதுக்கும் கலங்காதவர், அன்றைக்குப் பழைய கட்டடம் ஒன்றிலிருந்து உதவி கேட்டுப் போன் வந்தபோது, "எனக்கு இப்பெல்லாம் ஒண்ணும் புரியறதில்ல, வேற ஆளைப் பாருங்க," என்று வைத்துவிட்டார். பிறகு கருவிப் பையைத் திறந்து மருந்தை எடுத்தார். பழையபடி ஆரம்பித்தது.

மருமகளுக்கு விடுமுறையான ஒரு நாளில்தான் விஷயம் உடைந்தது. அன்று அவள் வீட்டில் இருந்ததால் அவரால் தொட்டிப் பக்கம் போக முடியவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் தொட்டியில் அடைப்பு எடுக்கச் சமையல் சோடாவைத் தேடினாள். டப்பாவைத் திறந்தவள் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"போன வாரம்தான் புதுப் பாக்கெட் பிரிச்சுக் கொட்டினேன். அதுக்கு முந்தின வாரமும் ஒண்ணு. இந்த வீட்டுல சோடாவை யாரு முழுங்குறது? எனக்குத்தான் மறதி வந்துடுச்சா?"

மருமகள் மடித்துக்கொண்டிருந்த போர்வை கையிலேயே நின்றது.

"நான்தான் அத்தை எடுத்தேன். சொல்லாம எடுத்தது தப்புதான்."

"நீயா? சோடாவை என்னம்மா பண்றே?"

"மீன்தொட்டியில போடுறேன்."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "தொட்டியிலயா? எதுக்கும்மா?"

அவள் கடகடவென்று கொட்டினாள். "தண்ணி புளிச்சுப் போயிடுது மாமா. தினமும் சாயங்காலம் வந்து பார்த்தா மஞ்சள். இவ்வளவு வருஷமா மீன் வளர்க்கிறேன், இப்படி மஞ்சளைப் பார்த்ததே இல்ல. புளிப்பு அதிகமானா மீன் தாங்காது. மீன்கடைக்காரர்கிட்ட கேட்டேன், சோடா போடுன்னார். போட்டா சரியாகுது. மறுநாள் வந்தா மறுபடி மஞ்சள். போடப்போடப் புளிக்குது. இந்த வீட்டுத் தண்ணியிலேயே ஏதோ இருக்குன்னு நினைச்சேன். வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, உங்க வீட்டுத் தண்ணி சரியில்லைன்னு நான் எப்படிச் சொல்றது? அதான் குடிக்கக்கூட பயந்துட்டு..."

"அதனாலதான் ஆஸ்பத்திரித் தண்ணியா?" என்றாள் மாமியார். அவள் முகத்தில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது.

லிப்ட்காரர் எழுந்தார். அறைக்குள் போய்க் கருவிப் பையைக் கொண்டுவந்தார். மருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் சோதனைக் குழாயை வைத்தார்.

மருமகள் பாட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பாட்டிலைப் பார்த்தாள்.

"தினமும் காலையில பார்த்தா நீலமா இருந்ததும்மா," என்றார் அவர்.

மனைவி சோடா டப்பாவை மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இருங்க, இருங்க," என்றாள் மனைவி. "நீங்க காலையில புளிப்பை ஊத்துவீங்க. இவ சாயங்காலம் சோடா போடுவா. மறுநாள் காலையில நீங்க இன்னும் புளிப்பு. இவ இன்னும் சோடா. நடுவுல மாட்டிக்கிட்டு அந்த மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் சிரிப்பதற்குத்தான் வாயெடுத்தாள். ஆனால் மருமகள் கண் நிறைந்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

"நீயும் கேட்டிருக்கலாமேம்மா."

அவள் கோபமாக இருக்கிறாளா, அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே அது தெரிந்திருக்காது. போர்வையை மடித்து முடித்தாள், கோணலாக மடிந்திருந்தது, பிரித்து மறுபடி மடித்தாள்.

"செத்ததெல்லாம் எங்க மாமா? பெரிய மீன் தின்னுடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"மாடியில புதைச்சேன். பூந்தொட்டியில."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். வந்தவள் முகம் கழுவியிருந்தாள். "கடைக்காரருக்குப் போன் போடுங்க மாமா," என்றாள்.

போனில் ஒலியைக் கூட்டி வைத்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மறுமுனையில் மீன்கடைக்காரர் முதன்முறையாக யோசித்தார்.

"ஒரே தொட்டியா? நான் ரெண்டு வேற வேற வீடுன்னு இல்ல நினைச்சேன்! சார் கேட்டார், இறக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, ஏத்தச் சொன்னேன். ரெண்டும் சரிதானே?"

"சரிதான். இப்ப என்ன பண்றது?"

"இப்ப... ஒண்ணுமே போடாதீங்க. ரெண்டு பேரும் கையைக் கட்டிட்டு உட்காருங்க. கொஞ்சம் கொஞ்சமா பழைய தண்ணியை எடுத்துட்டு, பிடிச்சு வச்ச தண்ணியை ஊத்துங்க. மொத்தமா மாத்திடாதீங்க, அந்த அதிர்ச்சியிலேயே போயிடும். தண்ணி கொஞ்சம் புளிச்சாலும் காரமானாலும் மீன் பழகிக்கும். தினமும் இங்கேயும் அங்கேயும் ஆட்டினாத்தான் தாங்காது."

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று லிப்ட்காரருக்கு அதுவரை தெரியாது. கை பரபரக்கும். கருவிப் பை இருக்கும் திசைக்குக் கண் போகும். மருமகளுக்கும் அதே கதிதான். ஒருவருக்கொருவர் காவல் என்று பேசிக்கொண்டார்கள். வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பது அவர் வேலை; எடுத்து ஊற்றுவது அவள் வேலை. சோதனை மட்டும் சேர்ந்துதான் செய்வது, அதுவும் அவள் வந்த பிறகு. அதிலும் சண்டை வந்தது. அவர் பச்சை என்பார். அவள் நீலப்பச்சை என்பாள். மாமியாரைக் கூப்பிடுவார்கள். அவள் கரண்டியோடு வந்து பார்த்து, "நீலம்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள்.

குட்டி மீன்களில் மேலும் ஒன்றிரண்டு போயின. அவளே எடுத்துக்கொண்டு போய் மாடியில் புதைத்தாள். அவர் மண்ணைத் தோண்டிக் கொடுத்தார். பிறகு சாவு நின்றது. கிழிசல் ஓரத்தில் முடங்கிக் கிடந்தது போய், தீனி போடும்போது முன்னால் வர ஆரம்பித்தது. மருமகள் பாட்டில் தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். முதல் நாள் அவள் சமையலறைக்கு வந்து குடத்திலிருந்து எடுத்துக் குடித்தபோது, மாமியார் அடுப்பைப் பார்த்தபடியே, "இன்னொரு டம்ளர் குடிம்மா," என்றாள்.

ஆனால் லிப்ட்காரரின் மண்டைக் குடைச்சல் அடங்கவில்லை. தண்ணீர் கடைசியில் வந்து நின்ற நிறம், முதல் நாள் ஊறுகாய் பாட்டிலில் அவர் எடுத்துப் போனபோது இருந்த அதே நீலம். குழாய் முனையிலெல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடக்கிற அந்த வீட்டின் கடினத் தண்ணீர், அதன் இஷ்டத்துக்கு அங்கேதான் நிற்கும் போலிருக்கிறது. இந்தத் தண்ணீரில் குட்டி மீன் இருக்கவே முடியாது என்றுதான் முதலில் சொன்னார் கடைக்காரர். குட்டி மீன்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்படின்னா முதல் மீன் எதனால செத்துச்சு?" என்று ஒருநாள் மருமகளைக் கேட்டார். "நான் மருந்தே ஊத்தாத அன்னைக்குச் செத்ததும்மா அது."

அவள் யோசித்தாள். "வண்டியில வந்த அலுப்பா இருக்கலாம். வயசாகியிருக்கலாம். தெரியலை மாமா."

"தெரியலைன்னா எப்படி?"

"ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் மாமா. சில சமயம் படம் தெளிவா இருக்கும், வலி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது."

அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. ஆனாலும் வெகுநேரம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், வடிகட்டிக் குழாயின் மேல் வரிசை வரிசையாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கிழிசலும் அதன் ஜோடியும் துடுப்பால் விசிறி விசிறிக் காவல் காத்துக்கொண்டிருந்தன. மருமகள்தான் முதலில் பார்த்தாள். "மாமா! முட்டை! ஓடி வாங்க!" முழங்கால் வலியையெல்லாம் மறந்து அவர் ஓடினார். இரண்டு மீன்களும் குட்டி மீன்களை அண்டவே விடவில்லை. பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் கண்ணாடியைக் கொத்தின. கடைக்காரரிடம் சொன்னால், "அந்தத் தண்ணியிலயா? வாய்ப்பே இல்ல சார்," என்றார்.

அடுத்த நாள் மாலை அவள் வரும்போது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"முட்டை ஒண்ணுகூட இல்லம்மா. நான் எதையும் தொடலை. சத்தியமா ஒண்ணும் ஊத்தலை. மதியம் வரைக்கும் இருந்துச்சு. பார்த்துட்டே இருக்கேன், காவல் காத்த கிழிசலே தின்னுடுச்சு. அந்த இன்னொண்ணும் கூடச் சேர்ந்து தின்னுச்சு. அவ்வளவு நேரம் காப்பாத்திட்டு, அப்புறம் ஏம்மா?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தொட்டியில் குழாய் வெறுமையாக இருந்தது. மீன்கள் இரண்டும் ஒன்றுமே நடக்காதது போல் தீனிக்கு வாயைப் பிளந்தன.

"முதல் தடவை அப்படித்தான் பண்ணுமாம் மாமா. நிறையப் பேர் சொல்லியிருக்காங்க. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப அடுத்த தடவை?"

"அதுவும் தெரியாது."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.